பத்து விரல்களைப் படித்தவர்: சர் எட்வர்ட் ஹென்றியின் வாழ்க்கை

ஆயர் ஈத்தாமில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த பாட்டியை ஒரு நாள் ஒரு காரியமாக வெளியே அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. முகப்பிடத்தில் இருந்த பெண்மணி பாட்டியின் அடையாள அட்டையைக் கருவியில் செருகிவிட்டு, கட்டை விரலைக் கண்ணாடியின் மேல் வைக்கச் சொன்னார். பாட்டி வைத்தார். கருவி ஏற்கவில்லை. வலக்கை, இடக்கை என்று மாற்றி மாற்றி, துடைத்தும் அழுத்தியும் ஐந்தாறு முறை முயன்றோம். ஒவ்வொரு முறையும் சிவப்பு விளக்குத்தான் எரிந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கெடாவில் ஓர் இரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியவர் பாட்டி. உளியும் வாளியும், பாலை உறைய வைக்கும் அமிலமும் சேர்ந்து அவருடைய விரல் ரேகைகளைத் தேய்த்துவிட்டிருந்தன. கடைசியில் அப்பெண்மணி நிமிர்ந்து பாட்டியின் முகத்தைப் பார்த்தார். அட்டையிலிருந்த படத்தோடு ஒப்பிட்டார். சில விவரங்களைக் கேட்டுக்கொண்டு காரியத்தை முடித்துக் கொடுத்தார்.

திரும்பி வரும் வழியில் பாட்டி சிரித்தார். இளமையில் சம்பளத்துக்கு மை தொட்டு வைத்த விரல்தானே இது, அப்போது யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லையே என்றார்.

அந்தப் பேச்சுதான் இக்கட்டுரைக்கு விதை. ஒரு மனிதன் யார் என்பதை அவன் விரல் சொல்ல வேண்டும் என்று முதலில் முறைப்படுத்தியவர் யார்? காவல் துறையில் தொடங்கிய அந்தப் பழக்கம் நம் சட்டைப்பைக்குள் இருக்கும் மைகார்ட் வரை எப்படி வந்தது? தேடிப் படித்தபோது ஒரு பெயர் மீண்டும் மீண்டும் எதிர்ப்பட்டது. அவர் சர் எட்வர்ட் ரிச்சர்ட் ஹென்றி. குற்றவியல் படிப்பவர்கள் நன்கு அறிந்த பெயர். அவருடைய வாழ்க்கை இலண்டனில் தொடங்கி இங்கிலாந்திலேயே முடிந்தாலும், அதன் நடுப்பகுதி இந்தியாவில் கழிந்தது. அதன் விளைவுகள் தமிழர்களின் வாழ்க்கையையும் தொட்டன. ஆகவே, அதை நாம் அறிந்து வைத்திருப்பது நல்லது.

இலண்டனிலிருந்து வங்காளத்திற்கு

எட்வர்ட் ஹென்றி 1850ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் இலண்டனின் துறைமுகப் பகுதியான ஷாட்வெல்லில் பிறந்தார். பெற்றோர் அயர்லாந்து வழியினர், தந்தை மருத்துவர். பதினாறு வயதிலேயே லாயிட்ஸ் காப்பீட்டு நிறுவனத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். பகலில் வேலை, மாலையில் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் வகுப்பு என்று அவருடைய இளமை கழிந்தது. வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேரமாகப் படிக்கும் நம் நண்பர்கள் பலருக்கு இந்த வாழ்க்கை புதிதாக இருக்காது. 1873இல் இந்தியக் குடிமைப் பணித் தேர்வில் தேறி வங்காளத்திற்குக் கப்பல் ஏறினார்.

வங்காளத்தில் துணை நீதிபதியாகவும் வரி வசூல் அதிகாரியாகவும் அவர் பணி தொடங்கியது. உருது, இந்தி ஆகிய மொழிகளைக் கற்றுச் சரளமாகப் பேசினார். படிப்படியாக உயர்ந்து 1891இல் வங்காள மாநிலக் காவல் துறையின் தலைவரானார். அப்போது அவர் முன் நின்ற பெரிய சிக்கல் ஒன்றுதான்: பிடிபட்டவர் உண்மையில் யார்?

இது சிறிய கேள்வி போலத் தோன்றலாம். புகைப்படம் அரிதாக இருந்த காலம் அது. ஓர் ஊரில் தண்டனை பெற்றவர் அடுத்த மாவட்டத்தில் வேறு பெயரில் பிடிபட்டால் அவரைக் கண்டுகொள்ள வழியில்லை. அதைவிடக் கொடுமை, ஒருவர் செய்த குற்றத்திற்கு வேறொருவர் சிறை செல்வது. முகத்தைப் பார்த்துச் சாட்சி சொல்வோரின் நினைவையே நீதிமன்றங்கள் நம்ப வேண்டியிருந்தது. இங்கிலாந்திலேயே அடால்ப் பெக் என்பவர், தம்மைப் போன்ற தோற்றமுடைய வேறொருவர் செய்த மோசடிகளுக்காக 1896இல் சிறை சென்றார். விடுதலையான பிறகு 1904இல் மீண்டும் அதே தவற்றுக்கு ஆளானார். உண்மைக் குற்றவாளி பிடிபட்ட பின்னரே அவருக்கு மன்னிப்பும் இழப்பீடும் கிடைத்தன. அடையாளம் தவறினால் ஒரு மனிதனின் வாழ்க்கையே தவறிவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அளவுகோலிலிருந்து ரேகைக்கு

அக்காலத்தில் பாரிஸ் காவல் துறையின் அல்போன்ஸ் பெர்ட்டியோன் வகுத்த உடல் அளவு முறை புகழ் பெற்றிருந்தது. தலையின் நீளம், அகலம், நடுவிரல், பாதம், முன்கை என்று உடலின் பல பகுதிகளை அளந்து அட்டையில் பதிவு செய்வார்கள். வங்காளமும் அதைப் பின்பற்றியது. ஆனால், அளப்பவர் மாறினால் அளவும் மாறியது. ஒரு காவலர் இறுக்கிப் பிடித்து அளப்பார். இன்னொருவர் தளர்த்திப் பிடிப்பார். ஓரிரு மில்லிமீட்டர் வேறுபட்டாலும் அட்டை வேறு அறைக்குப் போய்விடும். வளரும் வயதினருக்கு இம்முறை பயன்படவே இல்லை. கருவிகளின் விலையும் அதிகம்.

விரல் ரேகையைப் பற்றிய சிந்தனை ஹென்றிக்கு முன்பே இருந்தது. 1858இல் வங்காளத்தின் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி, சாலைக்குச் சரளைக்கல் வழங்க ஒப்புக்கொண்ட ராஜ்யதர் கோனாய் என்பவரிடம் ஒப்பந்தத்தில் கை முழுவதையும் மையில் பதிக்கச் சொன்னார். பிற்பாடு தாம் இதை மறுக்கக் கூடாது என்ற அச்சத்தை ஏற்படுத்துவதே அவர் நோக்கம். 1877இல் ஹூக்ளியில் ஓய்வூதியம் பெறுவோர், பத்திரம் பதிவோர், சிறைக் கைதிகள் ஆகியோரிடம் விரல் பதிவு வாங்கும் வழக்கத்தையும் அவர் நடைமுறைப்படுத்தினார். ஜப்பானில் பணியாற்றிய ஸ்காட்லாந்து மருத்துவர் ஹென்றி பால்ட்ஸ், குற்றம் நடந்த இடத்தில் கிடைக்கும் ரேகையைக் கொண்டு குற்றவாளியைக் கண்டுபிடிக்கலாம் என்று 1880இல் ஓர் அறிவியல் இதழில் எழுதினார். 1892இல் பிரான்சிஸ் கால்டன் ரேகைகளைப் பற்றி விரிவான நூல் ஒன்றை வெளியிட்டார். வாழ்நாள் முழுவதும் ரேகை மாறுவதில்லை என்பதையும், இருவரின் ரேகை முற்றிலும் ஒத்திருக்கும் வாய்ப்பு மிக மிக அரிது என்பதையும் அவர் கணக்கோடு விளக்கினார். அதே 1892இல் அர்ஜென்டினாவில் ஹுவான் வுசெட்டிச் என்ற காவல் அதிகாரியின் முறையால் ஒரு கொலை வழக்கு தீர்க்கப்பட்டது.

அப்படியானால் ஹென்றி செய்தது என்ன? ரேகை வேறுபடும் என்பது தெரிந்துவிட்டது. ஆனால், காவல் நிலையத்தில் பல்லாயிரம் அட்டைகள் குவிந்துவிட்டால், புதிதாக வந்த ஒருவரின் அட்டையை எதனோடு ஒப்பிடுவது? ஒவ்வொன்றாகப் பார்த்தால் நாட்கணக்கில் ஆகும். அகரவரிசை இல்லாத அகராதியில் ஒரு சொல்லைத் தேடுவது போன்ற நிலை அது. ரேகைக்கு ஓர் அகரவரிசை தேவைப்பட்டது.

1,024 அறைகள்

ஹென்றி கால்டனோடு கடிதத் தொடர்பு கொண்டார். விடுமுறையில் இலண்டன் சென்றபோது அவரைச் சந்தித்தும் கற்றார். கல்கத்தா திரும்பியபின் வகைப்படுத்தும் வேலையில் தம் அலுவலகத்தின் இரு இந்தியர்களை ஈடுபடுத்தினார். ஒருவர் காசி அசிசுல் ஹக்; கல்கத்தா மாநிலக் கல்லூரியில் கணிதம் பயின்றவர். மற்றவர் ஹேம் சந்திர போஸ். இவ்விருவரின் உழைப்பில்தான் அந்த அகரவரிசை பிறந்தது.

அதன் அடிப்படை எளிமையானது. விரல் நுனியின் ரேகைகள் பெரும்பாலும் மூன்று வடிவங்களில் அடங்கும். ஒரு பக்கத்திலிருந்து புறப்பட்டு வளைந்து அதே பக்கம் திரும்புவது கண்ணி. ஒரு பக்கம் தொடங்கி மேடு போல எழுந்து மறுபக்கம் இறங்குவது வில். நடுவில் சுழன்று நிற்பது சுழி. பத்து விரல்களையும் வரிசைப்படி இரண்டிரண்டாக ஐந்து இணைகளாகப் பிரிப்பார்கள். வலக்கைக் கட்டை விரலில் தொடங்கும் முதல் இணையில் சுழி இருந்தால் அந்த விரலுக்கு மதிப்பு 16. அடுத்த இணைக்கு 8, பிறகு 4, 2, 1. சுழி இல்லாத விரலுக்கு மதிப்பு பூஜ்யம். ஒவ்வோர் இணையிலும் ஒரு விரலின் மதிப்பை மேலே, மற்றதன் மதிப்பைக் கீழே கூட்டிப் பின்னமாக எழுதி, இரண்டோடும் ஒன்றைச் சேர்ப்பார்கள். எந்த விரலிலும் சுழி இல்லாதவருக்கு 1/1. பத்து விரலிலும் சுழி உள்ளவருக்கு 32/32. மேலே 32 வாய்ப்பு, கீழே 32 வாய்ப்பு. பெருக்கினால் 1,024 அறைகள்.

இனி, ஒருவரின் பத்து விரல் பதிவு வந்ததும் பின்னத்தைக் கணக்கிட்டு நேரே அந்த அறைக்குப் போகலாம். அறைக்குள் கூட்டம் அதிகமானால், ரேகைக் கோடுகளை எண்ணி மேலும் உட்பிரிவு செய்யலாம். கணிதம் படிக்கும் நண்பர்கள் இதில் இரும எண் முறையின் சாயலைக் காண்பார்கள். கணினி வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பு, மரப் பெட்டியையும் அட்டையையும் மட்டும் வைத்து அமைத்த தேடல் முறை இது.

ஹென்றியின் வேண்டுகோளின்படி அரசு ஒரு குழுவை அமைத்து, உடல் அளவு முறையையும் ரேகை முறையையும் ஒப்பிட்டுச் சோதித்தது. ரேகையே எளிது, மலிவு, பிழை குறைவு என்று குழு முடிவு செய்தது. 1897ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் இந்திய அரசு இம்முறையை ஏற்றது. கல்கத்தாவில் அமைந்த கைரேகைப் பிரிவு உலகின் தொடக்க காலக் கைரேகைப் பிரிவுகளில் ஒன்று என்ற பெருமையைப் பெற்றது.

தேயிலைத் தோட்டத்தில் ஒரு பஞ்சாங்கம்

முறை ஏற்கப்பட்ட சில வாரங்களிலேயே அதற்குச் சோதனை வந்தது. 1897இல் வடக்கு வங்காளத்தின் ஜல்பாய்குரியில் ஒரு தேயிலைத் தோட்ட மேலாளர் படுக்கையில் கழுத்து அறுபட்டுக் கிடந்தார். பணப்பெட்டி சூறையாடப்பட்டிருந்தது. முதலில் யார் மீது சந்தேகம் விழுந்திருக்கும்? தோட்டத்துக் கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு அது புரியும். மேலாளர் கண்டிப்பானவர் என்பதால், அவரிடம் வேலை செய்த கூலித் தொழிலாளர்கள் மீதுதான் சந்தேகம் விழுந்தது. துணியில் இரத்தக் கறை காணப்பட்ட சமையற்காரரும் தப்பவில்லை.

பெட்டிக்குள் கிடந்த ஒரு வங்காளப் பஞ்சாங்கத்தின் அட்டையில் மங்கலான பழுப்புக் கறைகள் இருந்தன. உருப்பெருக்கியில் பார்த்தபோது அவற்றுள் ஒன்று விரல் பதிவு என்று தெரிந்தது. அது காங்கலி சரண் என்ற முன்னாள் வேலைக்காரரின் வலக்கைக் கட்டை விரலோடு ஒத்தது. திருட்டுக்காக முன்பே தண்டனை பெற்றிருந்த அவருடைய பதிவு கல்கத்தாவில் இருந்தது. அவர் தொலைவில் வேறொரு மாவட்டத்தில் பிடிபட்டார். 1898இல் வழக்கு முடிந்தபோது நீதிமன்றம் திருட்டுக் குற்றத்தை மட்டும் உறுதி செய்தது. கொலைக் குற்றச்சாட்டிலிருந்து அவரை விடுவித்தது. அவர் பெட்டியைத் தொட்டார் என்பதை ரேகை நிறுவியது. கழுத்தை அறுத்தவர் அவர்தான் என்பதை அது நேரடியாக நிறுவவில்லை.

இந்தத் தீர்ப்பில் ஒரு பாடம் இருக்கிறது. ஒரு புறம், வெறும் சந்தேகத்தால் அல்லலுற்றிருக்க வேண்டிய தோட்டத் தொழிலாளர்களை அந்த ஒரு கறை காப்பாற்றியது. மறுபுறம், ரேகை எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று பிரித்துப் பார்க்கும் பொறுப்பு மனிதர்களிடமே இருக்கிறது என்பதையும் அது காட்டியது.

ஸ்காட்லாந்து யார்டில்

1900இல் ஹென்றியின் நூல் வெளியானது. அதே ஆண்டு அவர் தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்பப்பட்டார். போரில் பிரிட்டிஷார் கைப்பற்றிய டிரான்ஸ்வாலில் காவல் துறையை ஒழுங்குபடுத்துவது அவர் வேலை. ரேகை முறையையும் அங்கு விதைத்தார். 1901இல் இலண்டன் திரும்பி, ஸ்காட்லாந்து யார்டின் குற்றப் புலனாய்வுப் பிரிவுக்குப் பொறுப்பேற்றார். அவ்வாண்டு ஜூலையில் அங்குக் கைரேகைப் பிரிவு தொடங்கப்பட்டது. 1903இல் இலண்டன் மாநகரக் காவல் ஆணையராக உயர்ந்தார்.

1905இல் டெப்ட்போர்டில் ஒரு சாயக் கடையைக் கவனித்து வந்த முதிய தம்பதியர் தாக்கப்பட்டு இறந்தனர். பணப்பெட்டியின் உட்தட்டில் ஒரு கட்டை விரல் பதிவு கிடைத்தது. அது ஆல்பிரட் ஸ்ட்ராட்டன் என்பவருடையது. அவரும் அவருடைய சகோதரரும் தூக்கிலிடப்பட்டனர். இங்கிலாந்தில் ரேகைச் சான்றின் துணையோடு கொலைக் குற்றம் உறுதி செய்யப்பட்ட முதல் வழக்கு இது. அதன் பிறகு ஹென்றி முறை என்ற பெயரில் இது பல நாடுகளுக்குப் பரவியது.

ரேகை கடல் கடந்தபோது

குற்றவாளிகளைக் கண்டுகொள்ள உருவான கருவி குற்றம் செய்யாதவர்கள் மீதும் திரும்பியது. இதைச் சொல்லாமல் ஹென்றியின் கதையைச் சொன்னால் அது பாதிக் கதையே. இங்கேதான் தமிழர்கள் வருகிறார்கள்.

ஹென்றி விதைத்துச் சென்ற டிரான்ஸ்வாலில், 1906ஆம் ஆண்டின் அவசரச் சட்டமும் 1907ஆம் ஆண்டின் சட்டமும் ஆசியர்கள் அனைவரும் விரல் பதிவு கொடுத்துப் பதிந்துகொள்ள வேண்டும் என்றன. வழக்கறிஞராக இருந்த காந்தி ஹென்றியின் நூலைப் படித்தார். சட்டப்படி விரல் பதிவு குற்றவாளிகளிடம் மட்டுமே வாங்கப்படுகிறது என்பதை அதிலிருந்து அறிந்துகொண்டார். அப்படியானால் உழைத்துப் பிழைக்கும் ஒரு சமூகத்தையே குற்றவாளியாக நடத்துவதா என்ற கேள்வி எழுந்தது. சத்தியாகிரகம் பிறந்த களம் அதுதான். மொரிசியசில் பிறந்த தமிழரான தம்பி நாயுடு அப்போராட்டத்தின் முன்வரிசையில் நின்று மீண்டும் மீண்டும் சிறை சென்றார். 1908 ஆகஸ்டு 16ஆம் நாள் ஜோகன்னஸ்பர்க் பள்ளிவாசல் திடலில் பதிவுச் சான்றிதழ்கள் தீயிலிடப்பட்டன. பதிவுச் சட்டத்தை எதிர்த்துச் சிறை சென்ற நாகப்பன் என்ற தமிழ் இளைஞர் 1909 ஜூலையில், விடுதலையான சில நாட்களில், உயிர் நீத்தார்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 1908 தொடக்கத்தில் அரசோடு உடன்பாடு ஏற்பட்டபோது, காந்தி தாமே மனமுவந்து விரல் பதிவு கொடுத்தார். அதற்காகவே சொந்த மக்களில் சிலரால் தாக்கவும்பட்டார். தடுக்கச் சென்ற தம்பி நாயுடுவும் அடிபட்டார். ஆக, மையில் விரலைத் தோய்ப்பது அவருக்கு இழிவாகப் படவில்லை. கட்டாயப்படுத்தி, இனத்தைக் காட்டி, எல்லாரையும் ஐயத்துக்கு உரியவராக்கியதே இழிவாகப் பட்டது.

தமிழகத்திலும் இதே கதைதான். குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் திருத்தி விரிவாக்கப்பட்டபோது, பதிவு செய்யப்பட்டோரின் விரல் பதிவை எடுக்கும் அதிகாரம் அதில் இடம்பெற்றது. பிறப்பை மட்டும் வைத்து ஒரு சாதியையே குற்றவாளிகளாகப் பட்டியலிட்ட சட்டம் அது. மதுரை வட்டாரத்துப் பிரமலைக் கள்ளர்கள் அதன் கீழ் வந்தனர். ஆண்கள் இரவில் காவல் நிலையத்தில் போய்ப் படுக்க வேண்டிய நிலை இருந்தது. மக்கள் வழக்கில் அதற்குக் கைரேகைச் சட்டம் என்றே பெயர். 1920 ஏப்ரல் 3ஆம் நாள், உசிலம்பட்டிக்கு அருகிலுள்ள பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்தனர். காவல் துறை சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினைந்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சென்னை மாநிலத்தில் அச்சட்டம் 1947இல்தான் நீக்கப்பட்டது.

இந்தச் சட்டங்களை ஹென்றி இயற்றவில்லை. ஆனால், அவர் ஒழுங்குபடுத்திய கருவி இல்லாமல் அவற்றை நடைமுறைப்படுத்தியிருக்க முடியாது. ஜல்பாய்குரியில் ஒரு ரேகை அப்பாவித் தொழிலாளர்களைக் காப்பாற்றியது. பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்ததற்கு உயிர் விலையானது. கருவி ஒன்றே; அதைப் பிடித்த சட்டம் வேறு.

சுட்டவருக்கு உதவியவர்

இவ்வளவையும் படித்தபின் ஹென்றியை இரக்கமற்ற அதிகாரியாக மட்டும் நினைக்கத் தோன்றும். அவர் வாழ்க்கையில் நடந்த ஒரு நிகழ்ச்சி அதற்குத் தடையாக நிற்கிறது.

1912 நவம்பர் 27ஆம் நாள் மாலை, இலண்டன் கென்சிங்டனில் தம் வீட்டு வாசலில் காரிலிருந்து இறங்கிய ஹென்றியை ஆல்பிரட் போவ்ஸ் என்ற இளைஞர் துப்பாக்கியால் சுட்டார். வாடகை வண்டி ஓட்டும் உரிமம் மறுக்கப்பட்ட ஆத்திரம் அவருக்கு. குண்டு பாய்ந்த ஹென்றி உயிர் பிழைத்தார். ஆனால், அதன் வலி வாழ்நாள் முழுவதும் நீங்கவில்லை. வழக்கு வந்தபோது, அந்த இளைஞருக்குக் கருணை காட்டும்படி நீதிமன்றத்தில் அவரே கேட்டுக்கொண்டார். விதவைத் தாயைக் காப்பாற்ற ஒரு பிழைப்பைத் தேடிய இளைஞர் என்பதை எடுத்துச் சொன்னார். சிறைத் தண்டனை விதிக்கப்பட்ட போவ்ஸ் 1922இல் விடுதலையானபோது, கனடா சென்று புதுவாழ்வு தொடங்கக் கப்பல் கட்டணத்தையும் ஹென்றியே செலுத்தினார்.

ஆயிரக்கணக்கான குற்றவாளிகளை அறைகளில் அடுக்கி வைத்தவர், தம்மைச் சுட்ட ஒருவரை அட்டையாகப் பார்க்கவில்லை, மனிதராகப் பார்த்தார். அவருடைய முறை உருவாக்கிய சட்டங்களிலும் இந்தப் பார்வை இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்ற எண்ணம் எழாமல் இல்லை.

பெயர் யாருக்கு?

1918 ஆகஸ்டில் இலண்டன் காவலர்கள் ஊதியத்திற்காகவும் சங்க உரிமைக்காகவும் வேலை நிறுத்தம் செய்தனர். அந்நெருக்கடியில் ஹென்றி பதவி விலகினார். அவ்வாண்டே பரம்பரைப் பட்டம் வழங்கப்பட்டது. அஸ்காட்டில் ஓய்வு வாழ்க்கை நடத்தினார். ஒரே மகன் 1930இல் இளம் வயதிலேயே இறந்தார். அடுத்த ஆண்டு, 1931 பிப்ரவரி 19ஆம் நாள், ஹென்றியும் தம் 80ஆம் வயதில் மாரடைப்பால் காலமானார். பட்டம் அவரோடு முடிந்தது.

முறைக்கு மட்டும் அவர் பெயர் நிலைத்தது. எல்லாருடைய அடையாளத்தையும் துல்லியமாகக் காட்டப் பிறந்த ஒரு முறை, தன்னை உருவாக்கியவர்களின் அடையாளத்தைத் துல்லியமாகக் காட்டவில்லை. கணக்கைப் போட்ட அசிசுல் ஹக்கும், பிரிவுகளை நுணுக்கிய ஹேம் சந்திர போசும் நெடுங்காலம் அடிக்குறிப்பில்கூட இடம்பெறவில்லை. இருவரும் பின்னாளில் பட்டமும் பணப் பரிசும் பெற்றனர். 1926இல் ஹென்றி எழுதிய கடிதம் ஒன்றில், முறையைச் செம்மைப்படுத்தியதில் தம் பணியாளர்களுள் ஹக்கின் பங்கே மிகுதி என்று ஒப்புக்கொண்டார். காலம் தாழ்ந்த ஒப்புதல்தான், ஆயினும் ஒப்புதல். ஹக் 1935இல் காலமானார். பிரிட்டனின் கைரேகை வல்லுநர் சங்கம் பிற்காலத்தில் அவ்விருவரின் பெயரால் ஒரு பரிசையும் ஏற்படுத்தியது.

கருவிக்கு முன் நாம்

ஹென்றியின் மரப் பெட்டிகளின் இடத்தில் இன்று கணினி இருக்கிறது. ரேகைக் கோடு எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகக் கிளைக்கிறது என்ற புள்ளிகளைக் கருவி குறித்துக்கொண்டு ஒப்பிடுகிறது. இதில் இரண்டு வகை உண்டு. நம் மைகார்ட் சோதனை ஒருவருக்கு ஒருவர்: அட்டையின் சில்லில் உள்ள ரேகையும் எதிரில் இருப்பவரின் ரேகையும் ஒன்றா என்று மட்டும் பார்ப்பது. காவல் துறைத் தேடல் ஒருவருக்குப் பலர்: கிடைத்த பதிவு இலட்சக்கணக்கானோரில் யாருடையது என்று பார்ப்பது. பின்னதில் கணினி தருவது நெருக்கமான சில பெயர்களை. முடிவு சொல்பவர் வல்லுநரான மனிதர். அம்மனிதர் தவறலாம். 2004இல் மெட்ரிட் இரயில் குண்டு வெடிப்பில் கிடைத்த ஒரு பதிவு, பிரண்டன் மேபீல்ட் என்ற அமெரிக்க வழக்கறிஞருடையது என்று அமெரிக்கக் கூட்டரசுப் புலனாய்வுத் துறை தவறாக முடிவு செய்தது. அவர் இரண்டு வாரம் காவலில் இருந்தார். ஸ்பெயின் காவல் துறை அப்பதிவுக்குரிய வேறொருவரைக் கண்டறிந்த பிறகே அவர் விடுதலையானார். துறை மன்னிப்புக் கேட்டது.

நம் நாட்டிலும் ரேகையின் கதை நீண்டது. 1948இல் அவசரகாலத்தின்போது மலாயாவில் அடையாள அட்டை வந்தபோதே படத்தோடு கட்டை விரல் பதிவும் வந்தது. 2001இல் அறிமுகமான மைகார்ட் அதைச் சில்லுக்குள் வைத்தது. நாம் இன்று எந்தத் தயக்கமும் இல்லாமல் விரலை வைக்கிறோம். திருட்டையும் ஆள்மாறாட்டத்தையும் தடுப்பதால் அது நன்மையே. ஆயினும், விரலைக் கேட்பவர் யார், எதற்காகக் கேட்கிறார், பதிவு எங்கே போகிறது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. நாகப்பனும் பெருங்காமநல்லூர் மக்களும் உயிரைக் கொடுத்து எழுப்பிய கேள்வி அது.

தமிழில் கைநாட்டு என்ற சொல்லைப் படிக்காதவரை இகழப் பயன்படுத்துகிறோம். அறிவியல் கண்ட வரலாறோ வேறு. படித்தவரின் கையெழுத்தைப் பிறர் போலி செய்யலாம். பாட்டியின் கைநாட்டைப் போலி செய்வது அவ்வளவு எளிதன்று. இனி அச்சொல்லை இகழ்ச்சியாகச் சொல்லும் முன் ஒரு நொடி யோசிப்போம்.

நம்மில் பலர் நாளை அரசு அலுவலகங்களிலும் வங்கிகளிலும் காவல் நிலையங்களிலும் நீதிமன்றங்களிலும் முகப்பிடத்தின் அந்தப் பக்கம் அமரப் போகிறோம். அப்போது பாட்டியைப் போன்ற ஒருவர் வந்து நிற்பார். கருவி சிவப்பு விளக்கைக் காட்டும். அவர் யார் என்று கருவிக்குத் தெரியாமல் போகலாம். ஆயர் ஈத்தாமில் அந்தப் பெண்மணி செய்ததைப் போல நிமிர்ந்து முகத்தைப் பார்ப்பது அந்த வேளையில் நம் கையில்தான் இருக்கிறது.